முதல் பக்கத்தைப் படித்ததும் மைக்கை ஆன் செய்யாதீர்கள்

ஒலிப்புத்தகம் வாசிக்கப் புதிதாக வருபவர்கள் தங்கள் பதிவுகளை அனுப்பி, "கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்கிறார்கள். கேட்கிறேன். ஆளுக்கு ஆள் குரல் மாறுகிறது, தவறு மட்டும் மாறுவதில்லை. பாதிக்கு மேல் நானும் ஆரம்பத்தில் அடித்த கூத்துதான். மின்விசிறியை நிறுத்துங்கள், போனை வெளியே வையுங்கள், தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கண்ணால் படிக்கிறவர் சலிப்பான பத்தியைத் தாண்டிப் போய்விடுவார். காதால் கேட்கிறவர் பிடிக்காத குரலைத் தாண்டிப் போக வழியில்லை, நிறுத்தத்தான் முடியும். எழுதியவர் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் சரி, பத்து மணி நேரம் காதுக்குள் உட்காரப்போவது வாசிப்பவர்தான்.

முழுதாகப் படிக்காமல் பதிவைத் தொடங்குவது

மற்ற தவறுகளைக் கேட்டால் சிரித்துக்கொண்டு போய்விடுவேன். இதற்கு மட்டும் இன்றும் எரிச்சல் வருகிறது.

"அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துக்கொண்டே பதிவுசெய்தால்தான் உணர்ச்சி புதுசாக இருக்கும்" என்று ஒரு தம்பி என்னிடம் பெருமையாகச் சொன்னார். நல்ல கட்டைக்குரல். நாவலில் ஊர்ப் பெரியவர் ஒருவர் வருகிறார், அடிவயிற்றிலிருந்து ஒரு கனத்த குரலை எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டார். பதினேழாம் அத்தியாயத்தில் ஒரு வரி வருகிறது: அந்தப் பெரியவருடைய கீச்சுக் குரலைக் கேட்டால் தெருப்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களாம். பதினாறு அத்தியாயம் முடிந்திருந்தது.

அவர் பேசும் வரிகளை மட்டும் திரும்பப் பதிந்து ஒட்டினால் ஆகாதா? ஆகாது. அந்த வரிக்கு முன்னும் பின்னும் இருக்கிற கதைசொல்லியின் குரல் வேறொரு நாளுடையது, ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும். ஆகவே பத்தி பத்தியாகத் திரும்ப வாசிக்க வேண்டும். தேர்ந்த கைக்கே ஒரு மணி நேர ஒலிக்குப் பதிவு மட்டும் இரண்டு மணி நேரம் பிடிக்கும், எடிட்டிங் அதற்கு மேல். தம்பி கடைசியாகக் கேட்டார்: "சாஃப்ட்வேரில் சுருதியை ஏற்றிவிட முடியாதா அண்ணா?" போனை வைத்துவிட்டேன்.

தமிழில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. நம் வாக்கியத்தில் யார், எப்படிச் சொன்னார் என்பது பெரும்பாலும் கடைசியில்தான் வரும். இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"கதவைத் திறக்காதே, அவர்கள் இன்னும் போகவில்லை" என்று அவன் காதோடு காதாகச் சொன்னாள்.

படிக்காமல் வந்தவர் பதறிப்போய்க் கத்துவார். கத்தி முடித்த பிறகு 'காதோடு காதாக' கண்ணில் படும். அதை மட்டும் தணித்துச் சொல்லி ஈடுகட்டப் பார்ப்பார். கேட்பவருக்கோ கதவுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்டிருக்குமே என்றுதான் தோன்றும். அச்சில் கண் ஒரே பார்வையில் இரண்டையும் அள்ளிக்கொள்ளும், காதுக்கு அந்த வசதி இல்லை. இதைவிட மோசம் நீள வாக்கியங்கள். ஒருவருடைய நம்பிக்கையை ஐந்து வரிக்கு உருக்கமாக விவரித்துவிட்டு, "என்றெல்லாம் அவர் ஒருபோதும் நம்பியதில்லை" என்று முடிப்பார் ஆசிரியர். அந்த எள்ளலை முதல் சொல்லிலேயே குரலில் லேசாக வைத்திருக்க வேண்டும். முடிவு தெரியாதவரால் எப்படி வைக்க முடியும்?

ஆக, முதல் தடவை வாய் திறக்காமல் முழுப் புத்தகத்தையும் படியுங்கள். இரண்டாம் தடவை பென்சிலோடு. பேச்சு தொடங்கும் இடத்தில், ஓரத்தில், பேசுகிறவர் பெயரும் தொனியும். தனித்தாளில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வயது, ஊர்ப்பேச்சு, குரலைப் பற்றி ஆசிரியர் எங்காவது ஒரு சொல் சொல்லியிருந்தால் அது, பக்க எண்ணோடு. ஒவ்வொருவர் குரலிலும் இரண்டு வரி பதிந்து தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு அத்தியாயம் கழித்து வருகிற அத்தையின் குரல் உங்களுக்கு நினைவிருக்காது. கேட்பவருக்கு நினைவிருக்கும்.

முழுதும் படித்தவருக்கு வேறொரு ஆபத்து உண்டு. கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டதால், மூன்றாம் அத்தியாயத்தில் அவன் "தேநீர் குடிக்கிறீர்களா?" என்று கேட்பதையே வில்லத்தனமாக வாசிப்பார்கள். அவன் அங்கே நல்லவன், நல்லவனாகவே இருக்கட்டும். இன்னொரு சிக்கலான இடம், இருட்டில் முகம் தெரியாமல் பேசுகிற ஆள். அவன் யாரென்று ஆசிரியர் பின்னால்தான் சொல்லப்போகிறார். அவனுக்கென்று வைத்த குரலிலேயே வாசித்தால் ரகசியம் அங்கேயே அவிழ்ந்துவிடும். வேறு ஆள் குரலில் வாசித்தால் கேட்பவரை ஏமாற்றியதாகும். நான் கிசுகிசுப்பில் வாசிப்பேன். கிசுகிசுக்கும்போது குரல்நாண் அதிர்வதில்லை, அதனால் சுருதி இல்லாமல் போய்விடுகிறது, ஆளைக் கண்டுபிடிப்பது கடினம். காட்சியும் கிசுகிசுப்பைத் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கொரு குரல் கொடுத்தே தீருவேன் என்பது

இதற்கு மேற்கோள் காட்டத் தவறாமல் ஒருவர் வருவார்: ராய் டோட்ரிஸ். 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவலின் ஒலிவடிவில் 224 பாத்திரங்களுக்குத் தனித்தனிக் குரல் கொடுத்துக் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றவர். சரிதான், ஆனால் அவர் மேடையில் பல பத்தாண்டுகள் ஊறிய நடிகர். நமக்கு ஆறு குரல் நிலையாக நின்றாலே பெரிய காரியம்.

ஆண்கள் பெண் பாத்திரத்துக்கு மூக்கால் மெல்லிய குரல் எடுப்பதை முதலில் நிறுத்த வேண்டும். காதலியும் கேலிச்சித்திரமாகிவிடுகிறாள், அழுகிற காட்சியில் கேட்பவர் சிரிக்கிறார். சுருதியைத் தொடாமல் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, வேகத்தை மாற்றினாலே ஆள் மாறிவிடுவார். வேகம், மூச்சு விடும் இடம், வாக்கியத்தை முடிக்கிற விதம் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே பேசவைக்கலாம்.

பெயர்களை ஊகித்து வாசிப்பது

'ப' என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிக்கு நிற்கிறது. நாவலில் வேற்றுமொழிப் பெயரோ வெளிநாட்டு ஊரோ வந்தால் எழுத்தைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. ஆசிரியர் இருந்தால் அவரிடம் கேளுங்கள், இல்லையென்றால் அந்த மொழி பேசுகிறவரிடம். பட்டியலாகக் கேளுங்கள், தினம் ஒன்றாகக் கேட்டு உயிரை வாங்காதீர்கள்.

மெதுவாகப் படித்தால் தெளிவு என்று நினைப்பது

இல்லை, தூக்கம். கேட்பவர் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதி அநேகமாக எல்லாச் செயலியிலும் இருக்கிறது. ஆனால் வேகம் கூட்டும்போது உங்கள் நல்ல இடைவெளிகளும் சேர்ந்து சுருங்கிவிடும்.

மைக்

அறையைச் சரிசெய்த பிறகு வாங்குங்கள்.

இரைச்சலை மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

ஒலிப்புத்தகங்களை வெளியிட உதவும் ஏசிஎக்ஸ் தளம், பின்னணி இரைச்சல் −60 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. சத்தமான அறையில் பதிந்துவிட்டு, மென்பொருளை முழுவீச்சில் ஓட்டி அந்த எண்ணை எட்டிவிடலாம். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும்.

தானே பேசி, தானே சரிபார்ப்பது

விட்டுப்போன சொல்லை உங்கள் காது தானாக நிரப்பிக்கொள்ளும். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேறொருவர் கேட்க வேண்டும். காப்புரிமை தீர்ந்த நூல்களை வாசித்து இலவசமாகத் தரும் லிப்ரிவாக்ஸ் தளம் 2005இல் தொடங்கியது, முழுக்கத் தன்னார்வலர்களால் நடப்பது, அங்கேகூட இன்னொருவர் கேட்ட பிறகுதான் பதிவு வெளியாகிறது.

திருத்தங்களை வேறொரு பொழுதில் பதிவது

காலைக் குரல் கனமாக இருக்கும், மாலையில் தேய்ந்திருக்கும். மூலப் பதிவு எந்தப் பொழுதில் நடந்ததோ அதே பொழுதில், அதே தூரத்தில் உட்காருங்கள். திருத்த வேண்டிய வாக்கியத்துக்கு முந்தைய இரண்டு வாக்கியங்களை ஹெட்போனில் ஓடவிட்டு, கூடவே முணுமுணுத்துக்கொண்டு வந்து, அந்த ஓட்டத்திலேயே புதியதைச் சொல்லுங்கள். நாளும் நேரமும் மைக்கின் தூரமும் குறித்துவைக்காதவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், ஆகவே முதல் நாளே குறித்துவையுங்கள்.