மாடல் ரயில்: இடத்தை அளந்துவிட்டு இன்ஜின் வாங்குங்கள்

முதலில் மேசையை அளங்கள். மாடல் ரயிலில் ‘எச்ஓ’ என்ற அளவு 1:87, அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அதைவிடச் சிறிய ‘என்’ அளவு 1:160. இடைவெளி 9 மி.மீ. ஹாம்பர்க்கின் புகழ்பெற்ற மாடல் ரயில் காட்சியகம் மினியேச்சர் வுண்டர்லாண்ட் எச்ஓவில்தான் ஓடுகிறது. நம் அகலப்பாதையின் 1676 மி.மீ. கணக்குப்படி 1:87-இல் இடைவெளி 19.3 மி.மீ. வர வேண்டும், 16.5-லேயே ஓட்டிக்கொள்ளலாம், கண்ணுக்குப் பெரிதாக உறுத்தாது.

எச்ஓவில் 457 மி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போட்டாலே பலகை ஒரு மீட்டர் அகலம் கேட்கும். நீளமான பயணிகள் பெட்டி என்றால் ஆரத்தை 600 மி.மீ.க்கு மேல் வையுங்கள். இல்லாவிட்டால் வளைவில் பெட்டிகளை இணைக்கும் கப்ளர் பக்கவாட்டில் இழுத்து, பெட்டி தடம் புரளும். இடமில்லையா? ‘என்’ பக்கம் போய்விடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது ஏற்றத்தில். மீட்டருக்கு 2 செ.மீ.க்கு மேல் ஏற்றினால் இன்ஜின் சக்கரம் வழுக்கும். ஒரு பாதைக்கு மேலே இன்னொன்றைக் கொண்டுபோக 7.5 செ.மீ. உயரம் வேண்டும், அதற்கே 3.75 மீட்டர் ஓட்டம் தேவை.

தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயின்டரை மின்சாரத்துக்கு நம்பாதீர்கள். நாளடைவில் தளர்ந்து கறுக்கும், ரயில் அங்கங்கே திணறும். மீட்டருக்கு ஒரு ஜோடி வயரைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கமாக சால்டர் செய்யுங்கள். உள்பக்கம் ஈயம் புடைத்தால் சக்கர விளிம்பு ஏறிக் குதிக்கும்.

ஜல்லி கடைசியில். பரப்பி, தண்ணீர் தெளித்து நனைத்தபின், ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்துச் சொட்டுச்சொட்டாக விடுங்கள். பாயின்ட் நாக்கு, அதாவது ரயிலைத் தடம் மாற்றிவிட அசையும் தண்டவாள முனை, அதன் பக்கம் மட்டும் பசை போகக்கூடாது; ஒட்டிக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு.