வெட்ஜிலிருந்து இன்-இயருக்கு மாறும் இசைக்குழுவுக்கு

மேடையில் காலடியில் இருக்கும் வெட்ஜ் ஸ்பீக்கரை விட்டு, காதுக்குள் செருகும் இன்-இயர் இயர்போனில் கேட்டு வாசிக்கலாம் என்று முடிவானதும் பெரும்பாலான குழுக்கள் முதலில் விலை விசாரிப்பது வயர்லெஸ் செட்டைத்தான். அது தலைகீழ் வரிசை. காதில் இறுக்கமாக உட்காரும் இயர்போன், ஆளுக்கொரு தனி மிக்ஸ் (அவரவருக்கு வேண்டிய அளவில் கலந்த ஒலி), சத்தம் எல்லை மீறாமல் தடுத்துக் காதைக் காக்கும் லிமிட்டர் ஆகிய மூன்றும் முதலில் அமையட்டும். வயரைப் பிறகு விட்டுவிடலாம். டிரம்மரும் கீபோர்டு வாசிப்பவரும் இருந்த இடத்தை விட்டு நகரப்போவதில்லை; அவர்களுக்குக் கடைசிவரை வயரும் ஒரு சின்ன ஹெட்போன் ஆம்ப்பும் போதும்.

மாறுவதென்றால் எல்லோரும் சேர்ந்து மாறுங்கள். ஒருவர் மட்டும் வெட்ஜோடு நின்றால், அந்தச் சத்தம் பக்கத்து மைக்குகளுக்குள் புகுந்து மற்ற எல்லோர் காதிலும் கலங்கலாக வந்து சேரும்.

காதை அடைப்பது

இயர்போன் காதுக்குழாயை முழுக்க அடைத்தால் வெளிச்சத்தம் ஏறத்தாழ 20 முதல் 25 டெசிபல் வரை குறையும். மயிரிழை இடைவெளி விழுந்தாலும் முதலில் காணாமல் போவது பேஸ். ‘இந்த இயர்போனில் பேஸே இல்லை’ என்று குறை சொல்வதற்கு முன், காதுக்குள் நுழையும் மெத்தென்ற முனையான டிப்பைச் சோதியுங்கள். பேஸ் உள்ள பாட்டை ஓடவிட்டு இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் பேஸ் கூடினால் டிப் அளவு தவறு. ஒருவருக்கே இடது காதுக்கு ஓர் அளவும் வலது காதுக்கு வேறு அளவும் தேவைப்படலாம். ஃபோம் டிப் என்றால் விரல்களுக்கிடையில் உருட்டி மெல்லிசாக்கி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தபடி செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருங்கள்.

பாடுபவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. காதை அடைத்துக்கொண்டு பாடினால் சொந்தக் குரல் பானைக்குள் பேசியதுபோல் முழங்கும். எலும்பு வழியே காதுக்குழாய்க்கு வரும் ஒலி வெளியேற முடியாமல் உள்ளேயே தங்குவதுதான் காரணம். டிப் ஆழமாக உட்கார்ந்தால் முழக்கம் தணியும். அச்செடுத்துச் செய்யும் கஸ்டம் இயர்போன் வாங்குவதாக இருந்தால், வாயைத் திறந்து பல்லிடையில் கட்டை வைத்தபடி அச்செடுக்கச் சொல்லுங்கள். தாடை அசையும்போது காதுக்குழாயின் வடிவமும் மாறும். வாய் மூடி எடுத்த அச்சில் செய்தது, மேல் ஸ்தாயிக்கு வாய் திறக்கும் நேரத்தில் பிடி விட்டுவிடும்.

மிக்ஸரில் செய்ய வேண்டியது

ஒவ்வொருவரின் மிக்ஸும் பிரீ-ஃபேடர் ஆக்ஸிலிருந்து, அதாவது அரங்கத்துக்கான ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) அசைத்தாலும் மாறாத துணை வெளியீட்டிலிருந்து போக வேண்டும். போஸ்ட்-ஃபேடரில் இருந்தால், அரங்கத்துக்காக சவுண்ட் இன்ஜினியர் ஃபேடரைத் தொடும்போதெல்லாம் உங்கள் காதிலும் சத்தம் ஏறி இறங்கும். ஸ்டீரியோ மிக்ஸுக்கு ஆளுக்கு இரண்டு ஆக்ஸ். ஐந்து பேருக்குப் பத்து. பெரிங்கர் எக்ஸ்ஆர்18 போன்ற சிறிய மிக்ஸரில் ஆக்ஸ் வெளியீடு 6தான் என்பதால் பங்கிட வேண்டிவரும். ஸ்டீரியோவை முதலில் பாடுபவருக்குக் கொடுப்பது நல்லது. கருவிகள் இரு பக்கமும் பிரிந்து நின்றால் நடுவில் குரலுக்கு இடம் கிடைக்கும், சத்தத்தைக் கூட்டாமலே தெளிவு வரும்.

கெய்ன், அதாவது மிக்ஸருக்குள் வரும் சிக்னலை முதலில் பெருக்கும் அளவு, எல்லோருக்கும் பொது. சவுண்ட் செக் முடிந்தபின் ஒரு சேனலின் கெய்னைத் திருகினால் அத்தனை பேர் காதிலும் அது மாறும். இந்தச் சிக்கல் வேண்டாமென்றால் சொந்த மிக்ஸரும், ஒரே மைக் சிக்னலை உங்கள் மிக்ஸருக்கும் அரங்க மிக்ஸருக்கும் பிரித்துத் தரும் மைக் ஸ்பிளிட்டரும் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு மேடையிலும் நேற்றைய மிக்ஸ் அப்படியே கிடைக்கும். அப்போது, கண்டென்சர் மைக்குக்குக் கேபிள் வழியே மிக்ஸர் தரும் 48 வோல்ட் மின்சாரமான பான்டம் பவரை ஸ்பிளிட்டரின் நேரடி வெளியீட்டில் இணைந்த மிக்ஸர் மட்டுமே தர வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வெளியீட்டின் வழியாகப் பான்டம் கடக்காது.

மிக்ஸைச் சூனியத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் உங்கள் குரல் அல்லது கருவி. அடுத்து தாளத்துக்குக் கிக், ஸ்னேர், இருந்தால் கிளிக் (தாளம் காட்டும் டிக்-டிக் ஒலி). பிறகு சுருதி பிடிக்க ஒரே ஒரு கருவி, கீபோர்டோ கிட்டாரோ. அவ்வளவில் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். மற்றவற்றைத் தேவைப்பட்டால் மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஒன்று கேட்கவில்லை என்றால் அதைக் கூட்டுவதற்கு முன் வேறெதைக் குறைக்கலாம் என்று யோசியுங்கள். குரலில் துளி ரிவெர்ப் (எதிரொலிப்பு) சேர்த்தால் அந்த வறட்டு உணர்வு போகும்.

லிமிட்டர் இல்லாமல் யார் காதிலும் இயர்போன் ஏறக் கூடாது. மைக் கீழே விழுந்தாலோ, பான்டம் ஓடும் சேனலில் யாராவது கேபிளைப் பிடுங்கினாலோ வரும் வெடிப்பு நேராகச் செவிப்பறைக்குப் போகும். ஆக்ஸ் வெளியீட்டில் லிமிட்டரின் விகிதத்தை (எவ்வளவு அழுத்துகிறது) உச்சத்திலும் அட்டாக்கை (எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது) மிக வேகமாகவும் வையுங்கள். குழு முழுச் சத்தத்தில் வாசிக்கும்போது லிமிட்டர் வேலை செய்யாமல், அதற்குச் சில டெசிபல் மேலே பிடிக்கும்படி த்ரெஷோல்டை (பிடிக்கத் தொடங்கும் அளவை) நிறுத்துங்கள். இடுப்பில் மாட்டும் ரிசீவரான பெல்ட்பேக்கில் லிமிட்டர் இருந்தால் அதையும் ஆன் செய்துவிடுங்கள்.

தனித்துப்போன உணர்வு

முதல் வாரத்திலேயே வரும் குறை: ‘கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறமாதிரி இருக்கு’. உடனே ஒரு காதைக் கழற்றுவார்கள். இதைவிட மோசமான பழக்கம் இல்லை. திறந்த காதில் மேடைச் சத்தம் முழுசாகப் புகும். அதோடு போட்டி போட அடைத்த காதில் வால்யூம் ஏறும். இரு காதும் சேர்ந்து கேட்கும்போது கிடைக்கும் கூடுதல் உரப்பும் போய்விடும். ஏறும் வால்யூம் காதுக்கு ஆபத்து: அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷ் பரிந்துரைக்கும் வரம்பில், 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம்தான் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான்.

தனித்துப்போன உணர்வுக்கு மருந்து, அரங்கத்தின் ஒலியைப் பிடிக்கும் ஆம்பியன்ஸ் மைக். மேடை முன்விளிம்பின் இரு மூலையிலும் ஒவ்வொரு கண்டென்சர் மைக்கைக் கூட்டத்தை நோக்கி வைத்து, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, இயர்போன் மிக்ஸுக்கு மட்டும் அனுப்புங்கள். மெயின் ஸ்பீக்கருக்குப் போகக் கூடாது. பாட்டுக்கிடையில் பேசிக்கொள்ள, சுவிட்ச் உள்ள ஒரு டாக்பேக் மைக்கும் வேண்டும். இல்லையென்றால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. கிக்கின் அதிர்வு உடம்பில் படவில்லையே என்று ஏங்கும் டிரம்மருக்கு ஸ்டூலுக்கடியில் பொருத்தும், அதிர்வு தரும் ஷேக்கர் இருக்கிறது.

வயர்லெஸ்

ப்ளூடூத் இயர்பட் வேண்டாம். அதன் தாமதம் பொதுவாக 100 மில்லிசெகண்டைத் தாண்டும். தாளம் பிடிக்கவே முடியாது. இரண்டுக்கு மேற்பட்ட டிரான்ஸ்மிட்டர் இருந்தால் அவற்றை ஒரே ஆன்டெனாவில் இணைக்கும் ஆன்டெனா கம்பைனர் போடுங்கள். டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவை வயர்லெஸ் மைக் ரிசீவர் ஆன்டெனாவிடமிருந்து தள்ளியே வையுங்கள். அலைவரிசைகளை மென்பொருளில் கணக்கிட்டுத் தேர்ந்தெடுங்கள். உங்கள் நாட்டில் அனுமதியுள்ள வரிசைதானா என்பதையும் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் ஒத்திகை அறையில் ஒழுங்காக நடந்துகொள்ளும். கூட்டம் முழுக்க கைபேசியோடு வந்து நின்றதும் திக்கும்.

காதில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் வந்தால், டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் சிக்னல் குறைவாகவும் பெல்ட்பேக் வால்யூம் அதிகமாகவும் இருக்கிறது என்று பொருள். சிக்னலை ஏற்றி வால்யூமை நடுவில் கொண்டுவாருங்கள். ஒரு காதில் மட்டும் கேட்டால், ஸ்டீரியோ ஜாக் வேண்டிய இடத்தில் மோனோ ஜாக் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒலி தலைக்கு வெளியே எங்கோ மிதப்பதுபோல் விசித்திரமாக இருந்தால், பேலன்ஸ்டு ஆக்ஸ் வெளியீட்டில் இயர்போனை நேரடியாகச் செருகிவிட்டார்கள்: ஒரு காதுக்குத் தலைகீழ் அலை போகிறது. நடுவில் ஹெட்போன் ஆம்ப் இருந்தே ஆக வேண்டும். பல நிகழ்ச்சிகளுக்குப்பின் ஒரு பக்கம் மெல்ல மங்கினால், இயர்போன் பழுது என்று முடிவுகட்டும் முன் முனையில் உள்ள மெழுகு வடிகட்டியை மாற்றிப் பாருங்கள்.