தைக்காம ஃப்ளீஸ் ஸ்கார்ஃப்: பசங்களோட உக்காந்தா எங்கெல்லாம் சொதப்புவோம்

மெட்ராஸ்ல ஸ்கார்ஃபானு சிரிக்காதீங்க, மார்கழி வந்தா மங்கி கேப் போட்டு வாக்கிங் போற ஊரு நம்மளது. போன அரையாண்டு லீவுக்கு ஊட்டின்னு முடிவானதும் என் பொண்ணும் அக்கா பசங்க ரெண்டு பேரும் நாங்களே ஸ்கார்ஃப் செய்றோம்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. ஊசி வேணாம், மெஷின் வேணாம், கத்தரிக்கோலும் முடிச்சும் போதும்னு தான் ஆரம்பிச்சோம், மூணு ஸ்கார்ஃப் முடியுறதுக்குள்ள அஞ்சுக்கான துணி காலி.

முதல்ல கோட்டை விட்டது கடையிலயே. ஃப்ளீஸ்னு கேட்டேன், ஃபெல்ட் குடுத்தாங்க, நானும் பேர் ஒரே மாதிரி இருக்கேன்னு வாங்கிட்டு வந்துட்டேன். ஃபெல்ட் விறைப்பா நிக்கும், கழுத்துல சுத்தினா குத்தும், பூவும் நட்சத்திரமும் வெட்டத்தான் லாயக்கு. ஃப்ளீஸ்ங்கறது பாலியஸ்டர் நூலை பனியன் துணி மாதிரி பின்னி, மேல பிரஷ் பண்ணி பொசுபொசுன்னு ஆக்கினது, அதனாலதான் வெட்டின ஓரம் பிசிறு விடாது, ஓரம் அடிக்கிற ஓவர்லாக் தையல் கேக்காது. துணிக்கடைங்க இருக்கற கோடவுன் தெருவுல அலைய நேரமில்லன்னா ஒரு ஃப்ளீஸ் போர்வையை வாங்கி வெட்டிடுங்க, ஏழெட்டு தாராளமா தேறும். துணி மேல முடி நீளமா இருக்கறது மட்டும் வேணாம், வெட்ட வெட்ட வீடு பூரா கொட்டும். அப்புறம் ஃபேனை ஆஃப் பண்ணுங்க, வேர்த்து ஊத்தும் தெரியும், ஆனா துணித் துகள் சாம்பார்ல மிதக்கறதுக்கு இது பரவால்ல.

அளவு. பெரியவங்களுக்கு 60 இன்ச், பசங்களுக்கு 45 போதும், அகலம் 8. நான் எல்லாத்தையும் 60ல வெட்டி சின்னவன் மிதிச்சு விழுந்தான். ஊஞ்சல், சறுக்குமரம் பக்கம் போனா கழட்டிடணும், எங்கயாவது மாட்டி கழுத்தை இறுக்கிடும்.

இன்னொன்னு, ஃப்ளீஸ் ஒரு பக்கமா தான் நல்லா இழுபடும், அந்தப் பக்கத்தை நீளத்துக்கு வெச்சா பசங்க குஞ்சத்தை (ரெண்டு முனையிலயும் நாடா நாடாவா வெட்டி விடுறது) இழுத்து முடிச்சு போடுறப்போ ஒன்னு நூடுல்ஸ் மாதிரி நீண்டுடும். இழுத்துப் பாத்துட்டு இழுபடாத பக்கத்தை நீளமா வைங்க. குஞ்சம் 4 இன்ச் நீளம், அரை இன்ச் அகலம், ஒரு முனைக்கு 16 நாடா, ரெண்டு ரெண்டா கட்டினா 8 முடிச்சு. 4 இன்ச் இடத்துல ஒரு டேப் ஒட்டிட்டு இதைத் தாண்டாதன்னு சொல்லிட்டா பசங்க அழகா நிப்பாங்க, கோடு போட்டா நிக்க மாட்டாங்க (பால் பென்ல கோடு போட்டது துவைச்சும் போகல, டெய்லர் சாக் தான் சரி). ஸ்கூல் கத்தரிக்கோல் இதைக் கடிச்சுத் துப்பும், நல்ல கத்தரி வேணும், சின்னவங்களுக்கு நீங்க வெட்டுங்க, அவங்க கட்டட்டும்.

இப்ப, மேல அலங்காரம் ஒட்டுற பசை. என் அனுபவத்துல பாதி ஸ்கார்ஃப் பாழாப்போனது இதுலதான். கிராஃப்டுக்கு வாங்குற வெள்ளைப் பசை ஒரே துவையல்ல கரைஞ்சுடும், குளூ கன் ஒட்டின இடம் கட்டியாகி கழுத்துல உரசும், பசங்க விரலும் சுடும். ஃபேப்ரிக் குளூ மெல்லிசா தடவினா சரி, நம்மூர் ஈரக் காத்துக்கு ஒரு முழு நாளாவது காய விடுங்க. என்னைக் கேட்டா பசையே வேணாம்: ஸ்கார்ஃப் நடுவுல 1 இன்ச் இடைவெளி விட்டு வரிசையா கீறல் போட்டு, வேற கலர் நாடாவை உள்ள வெளிய உள்ள வெளியன்னு கோத்து ரெண்டு முனையிலயும் முடிச்சு போடுங்க. கீறல் நாடா அகலத்தை விட கொஞ்சம் சின்னதா இருக்கணும், துணி தானா இளகிக் குடுக்கும், பெருசா போட்டா ஓட்டை வாயப் பொளந்துட்டு நிக்கும். பட்டன், மணியெல்லாம் 3 வயசுக்குக் கீழ உள்ள வீட்டுல வேணவே வேணாம், நேரா வாய்க்குத்தான் போகும்.

அயர்ன் பாக்ஸ் பக்கமே போகாதீங்க, பாலியஸ்டர் பளபளன்னு அமுங்கிடும், அயர்ன் பண்ணி ஒட்டுற ஸ்டிக்கரும் அதே கதி. ஊட்டியில கேம்ப் ஃபயர் போட்டா ஸ்கார்ஃபை கழட்டி பையில வெச்சுடுங்க, தீபாவளி பட்டாசுக்கு சிந்தெடிக் போடாதன்னு சொல்றோமே அதே காரணம் தான், தீப்பொறி பட்டா உருகி தோலோட ஒட்டிக்கும்.