மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பு

பாலக்கோடு பக்கம் எங்கள் பள்ளியில் மணி என்பது வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான். அதை அடித்ததும் மூன்றாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவான். அடம் என்றே நினைத்திருந்தேன், தவறு என்னுடையது. இப்போது இரண்டு நிமிடம் முன்பே அவனருகில் போய், "மணி அடிக்கப் போகிறார்கள்" என்று சொல்லிவிடுகிறேன். காதை மூடிக்கொண்டு காத்திருக்கிறான். ஓசை அடங்கியதும் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடக் கிளம்புகிறான்.

காலையிலேயே கரும்பலகை ஓரத்தில் அன்றைய நாளைப் படமாக வரைந்துவிடுங்கள்: புத்தகம், தட்டு, பந்து, வீடு. முடிந்ததை அழிக்கும் வேலையை அவனுக்கே கொடுங்கள். விளையாட்டு ரத்தானால் முதலில் படத்தை மாற்றுங்கள். (நான் வரையும் பந்து தக்காளி போலிருக்கும், தக்காளி விளையும் இந்த ஊருக்கு அது பொருத்தம்தான்.)

ஏடிஎச்டி (கவனம் ஒரிடத்தில் நிற்காத, துறுதுறுப்பு மிகுந்த நிலை) உள்ள பிள்ளையைச் சன்னலோரம் உட்கார வைக்காதீர்கள். லாரி போனால் பாடமும் கூடவே போய்விடும். "நோட்டை எடு, தேதி எழுது, கணக்கைப் போடு" என்று ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பத்துக் கணக்கை ஐந்தைந்தாகப் பிரித்து, நடுவில் சாக்பீஸ் எடுத்துவர அனுப்புங்கள். விளையாட்டு நேரத்தைப் பறிக்கும் தண்டனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு. ஏடிஎச்டிக்குத் தனி இடமில்லை. எனவே மாற்றுத்திறனாளி சான்றிதழ் வரட்டும் என்று இருக்காமல், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.