தனியாக வசிக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு உதவுவது எப்படி?

"எது வேணும்னாலும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். பெரும்பாலானவர்கள் கேட்கமாட்டார்கள். "நாளைக்குக் காலைல மருந்துக் கடைக்குப் போறேன், சீட்டைக் கொடுங்க" என்று சொன்னால் மறுக்காமல் எடுத்துக் கொடுப்பார்கள்.

முதலில் ஒரே ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். தினமும் சாப்பாடு தருவதாக ஆரம்பித்தவர்கள் சில வாரங்களில் ஓய்ந்துவிடுவது வழக்கம். அதற்குள் பெரியவர் சமைப்பதையே விட்டிருப்பார். அதைவிட வாரம் ஒரு நாள், சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பது மேல். வர முடியாதென்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். காத்திருந்து ஏமாறுவது அவர்களை மிகவும் வருத்தும்.

மாத்திரையில்தான் கவனம் அதிகம் வேண்டும். ஏழு நாள் மாத்திரைப் பெட்டியை ஞாயிறு மாலையில், கடைசியாக எழுதிய மருந்துச் சீட்டைப் பார்த்து, அவரோடு உட்கார்ந்து நிரப்புங்கள். ஈரம் படக்கூடாத மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்கக்கூடாது; எவை என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: கடையில் வேறு கம்பெனி மாத்திரை தருவார்கள், வீட்டில் பழையதும் மிச்சமிருக்கும். பெயர் வேறாக இருப்பதால் ஒரே மருந்தை இரண்டு தடவை போட்டுக்கொள்வார்கள். பிராண்டுக்குக் கீழே அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டையை வெட்டி வாங்கினால் காலாவதித் தேதி உள்ள துண்டையும் கேட்டு வாங்குங்கள். ஒரு வாரத்துக்கு மருந்து மிச்சமிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிட வேண்டும்.

பணம் வாங்கினால் பில்லும் மீதிச் சில்லறையும் அன்றே கைக்குப் போகட்டும். "எட்டு ரூபாதானே, இருக்கட்டும்" என்று நீங்கள் பெருந்தன்மை காட்டினால், அடுத்த முறை வேலை சொல்லவே கூச்சப்படுவார்கள். ஏ.டி.எம். அட்டையின் ரகசிய எண்ணை, அவர்களே சொன்னாலும் கேட்டுக்கொள்ளாதீர்கள். பின்னால் கணக்கில் ஏதாவது குறைந்தால் முதல் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.

காலை ஒன்பது மணிக்கும் பால் பாக்கெட்டும் பேப்பரும் வாசலிலேயே கிடந்தால் கதவைத் தட்டுங்கள். மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். பிள்ளைகள், மருத்துவர், ஆம்புலன்ஸ் 108, முதியோர் உதவி எண் 14567 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டலாம்.

பலகாரம் கொடுப்பதற்கு முன் சர்க்கரையா, உப்பு குறைக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். திரும்பி வரும் பாத்திரத்தில் அவர்கள் எதையாவது போட்டுக் கொடுத்தால் வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். வங்கி வரிசையில் நிற்க வைக்காதீர்கள், தபால்காரர் வீட்டுக்கே வந்து சிறு கட்டணத்தில் எடுத்துத் தருவார். ஆதார், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண், மொபைல் நான்கும் கையில் இருக்கட்டும். ரேகை தேய்ந்து பதிவாகவில்லையென்றால் முகத்தை வைத்துப் பதியும் வசதியும் உண்டு. அதற்கு நல்ல வெளிச்சத்தில் உட்கார வையுங்கள்.