மலாய் மொழியில் ‘கன்னங்கரேல்’ சொல்வது எப்படி

யாங்கூனிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது ‘சாங்ஙாட்’, அதாவது ‘ரொம்ப’. பர்மியில் அதே பொருள் தரும் ‘அயான்’ சொல்லுக்கு முன்னால் வருகிறதே, அதே இடம்தான். சாங்ஙாட் பெடாஸ், ரொம்பக் காரம். அதே பொருளில் ‘பெதுல்’ பின்னால் வரும்: பெடாஸ் பெதுல். நம் பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸான மொகிங்கா சாப்பிடும்போதே பழகுங்கள்.

‘தெர்லாலு’ வேறு, அளவுக்கு மிஞ்சியது. விருந்து வைத்தவரிடம் ‘தெர்லாலு மானிஸ்’ என்றால் இனிப்பு கூடிவிட்டது என்று குறை சொன்னதாகிவிடும். ‘செடாப்ஞா!’ (என்ன ருசி!) என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் முகம் மலரும்.

எனக்கு உயிர் நிறச்சொற்கள்தான். கன்னங்கரேல் என்பதற்கு ஹித்தாம் லெகாம். வெள்ளைவெளேர் என்பதற்கு பூத்தே மெலெப்பாக். இவற்றை ஜோடி ஜோடியாகவே மனப்பாடம் செய்யுங்கள். லெகாமை வெள்ளையோடு சேர்த்துவிடாதீர்கள்.