6, 7, 8ஆம் கிளாஸ் பிள்ளைங்களுக்கு சோலார் சொல்லிக் குடுக்க ஒரு சின்ன ஐடியா

நம்ம குமரி மாவட்டத்து பிள்ளைங்களுக்கு ஆரல்வாய்மொழில காத்துல கரண்ட் எடுக்குற காத்தாடி நல்லா தெரியும், ஆனா வெயில்ல இருந்து கரண்ட் எப்படி வருதுன்னு கேட்டா போர்டுல படம் வரைஞ்சு காட்டுறதோட நிறுத்திடுறோம், அது பத்தாது. ஒரு சின்ன 6 வோல்ட் சோலார் பேனல், ஒரு மல்டிமீட்டர் (வோல்ட், கரண்ட் எல்லாம் அளக்குற மீட்டர்), ஒரு பென்சில், இவ்வளவு போதும்.

முக்கியமான விஷயம், மீட்டரை வோல்ட்ல வைக்காதீங்க. பேனலை சாய்ச்சாலும் வோல்ட் பெருசா மாறாது, பிள்ளைங்க குழம்பிடும். கரண்ட் அளவைக் காட்டுற மில்லிஆம்பியர்ல வச்சு (சிவப்பு வயரை சரியான ஓட்டைல மாத்தி சொருகணும்) பேனலை மெதுவா திருப்பச் சொல்லுங்க, நம்பர் ஏறி இறங்குறத பாத்ததும் அவங்களே கேள்வி கேக்க ஆரம்பிச்சிடுவாங்க.

இப்ப பென்சிலை பேனல் மேல செங்குத்தா நிறுத்துங்க, நிழல் மறையுற மாதிரி பேனலை சாய்ச்சா அப்போ அது நேரா சூரியனைப் பாக்குதுன்னு அர்த்தம், கரண்டும் அப்பதான் அதிகமா இருக்கும். நாம பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 8 டிகிரி வடக்குல இருக்கோம், அதனால இங்க வீட்டு மாடில பேனலை தெற்கு பாத்து லேசா சாய்ச்சாலே போதும். ஏப்ரல் 10, 11 வாக்குல உச்சி வெயிலுக்கு சூரியன் நேரா தலைக்கு மேல நிக்கும், முடிஞ்சா அன்னைக்கே செஞ்சு பாருங்க, பேனல் தரைல படுத்து கிடந்தாலே பென்சிலுக்கு நிழல் இருக்காது, பிள்ளைங்க முகத்தை அப்ப பாக்கணும்!

அப்புறம் ஒரு தென்னை ஓலை நிழலை பேனல் மேல விழ வச்சு நம்பரை எழுதச் சொல்லுங்க. சூரியனை மட்டும் நேரா பாக்க விடாதீங்க.